வெட்டக் கூடாத காரணி

அத்தியாயம் பதினான்கு

மூன்று நாளாக அந்த வீட்டில் சாமி விளக்கு எரியவில்லை. பிரியந்தி அதை வியாழக்கிழமை காலையில்தான் கவனித்தாள்.

கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. விடிந்தால் பரீட்சை. இலத்திரனியல் (எலெக்ட்ரோனிக்) பொறியியலாளர் தகுதிப் பரீட்சையில் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தாள், கட்டுப்பாட்டுத் தொகுதிகள்: எந்திரத்தைத் தடம் மாறாமல் நிலையாக ஓடவைக்கும் கணக்கு. மற்றவற்றை வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று தாண்டிவிட்டாள். இது மட்டும் போன வருடம் அவளைக் கவிழ்த்தது.

கிழக்கு லண்டனின் டாகனத்தில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலை வெப்பமூட்டிகளுக்கான சர்க்கிட் பலகைகள் செய்கிறது. அவள் இருக்கும் சோதனைப் பகுதியை ஆகஸ்டில் மூடுகிறார்கள். வடிவமைப்புப் பகுதி மட்டும் தங்கும். தகுதி உள்ளவருக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது என்று மேலாளர் சொன்னார். தகுதி இல்லாதவருக்கு என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மகள் கோசிகாவைப் பள்ளியில் விட்டுவிட்டு செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான், படியடியில் இருக்கும் சாமித் தட்டு அவள் கண்ணில் பட்டது. விளக்கில் எண்ணெய் உறைந்து கிடந்தது.

"மாமி, விளக்குக் கொளுத்தேல்லையோ?"

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் யோகமலர் திரும்பவில்லை. "திரி முடிஞ்சுது."

திரிப் பெட்டி தட்டின் ஓரத்திலேயே இருந்தது. பாதிக்கு மேல் இருந்தது. பிரியந்தி அதை எடுத்துக் காட்டினாள்.

"இஞ்ச கிடக்கு. நான் கொளுத்திவிடுறன்."

"வேண்டாம்!"

வெங்காயம் ஒன்று கீழே விழுந்து குளிர்ப்பெட்டிக்கு அடியில் ஓடியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"நீ தொடாதை, பிள்ளை. மேல போய்ப் படி. உந்த விளக்கோ வந்து உனக்கு மார்க்ஸ் போடப்போகுது?"

காய்ச்சலில் கிடந்த வெள்ளிக்கிழமையிலும் சுவரைப் பிடித்து எழுந்து வந்து விளக்குக் கொளுத்திய மனுஷி. பிரியந்தி திரிப் பெட்டியை வைத்துவிட்டு மேலே போனாள்.

அவளுடைய படிப்பறை ஒரு கட்டில் போடவும் இடமில்லாத சின்ன அறை. மேசையில் போன வருடம் அவளைக் கவிழ்த்த கணக்கு இருந்தது. ஒரு தொகுதியின் சமன்பாடு. மேலே ஒரு காரணி, கீழேயும் அதே காரணி. இரண்டையும் வெட்டினால் சமன்பாடு சின்னதாகும், விடை அழகாக வரும். போன வருடம் அவள் வெட்டினாள்.

சாதாரணக் காரணி என்றால் வெட்டலாம். அது நிலையற்றதாக, தானாகவே பெருகுவதாக இருந்தால் வெட்டக் கூடாது. வெட்டினாலும் அது போகாது. வெளியே வரும் அளவு ஆடாமல் அசையாமல் நிற்கும். உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டே இருக்கும். பலகை கருகி மணம் வரும்போதுதான் தெரியும். பரீட்சகர் கேட்டது அழகான விடையை அல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்பதை.

இந்த முறை வெட்டாமல் எழுதினாள். பாதிக் கணக்கில் வாசல் மணி அடித்தது.

"யோகம்மா! செவ்வாக்கிழமை கோயில்ல உங்களைக் காணோமே? ஐயரே கேட்டாரு."

பக்கத்து வீட்டு ராஜலட்சுமி. மலேசியாவில் இருந்து படிக்க வந்து, இங்கேயே கணக்காளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் மெதுவாகப் பேசினாலும் மாடிவரை வரும்.

"முழங்கால் நோகுது," என்றார் யோகமலர்.

"முழங்காலுக்கு வேண்டிக்கத்தான் கோயிலுக்கு வரணும் லா. இந்தாங்க, விபூதி. பூசிக்குங்க."

"அதில வையுங்கோ."

"செருப்புத் தட்டு மேலயா? கையில வாங்குங்கம்மா."

"கை வெங்காயம்."

"முருகன் வெங்காயத்துக்கெல்லாம் கோவிக்க மாட்டாரு."

"வையுங்கோ எண்டுறன்!"

ராஜலட்சுமி வேறு குரலில் கேட்டார். "ஊர்ல ஏதாவது...? உங்க மருமக தம்பி?"

"ஒண்டுமில்லை. போட்டு வாங்கோ. பிள்ளை படிக்கிறா."

கதவு சாத்தப்பட்டது. பிரியந்தி மாடிப்படியின் மேல் நின்று எட்டிப் பார்த்தாள். விபூதிப் பொட்டலம் செருப்புத் தட்டின் மேல் கிடந்தது. யோகமலர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார்.

வெங்காயம் உரித்த கையைக் கழுவினால் போகும். இது கழுவிப் போகும் விஷயம் இல்லை.

துடக்கு. இந்தக் குடும்பத்தில் யாரோ செத்த தீட்டு.

பிரியந்தி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

தம்பி நிர்மலன் ஊரில், போர் நடக்கும் வன்னிக்குள் இருந்தான். மார்ச்சில் கடைசியாகக் கதைத்தான். அதற்குப் பிறகு அவள் செய்திகளைக் கேட்பதில்லை; மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். ஜனவரியில் இருந்து நிற்காமல் ஊர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த மாமியின் சமையலறை வானொலியும் மூன்று நாளாக மூடிக் கிடந்தது. அதையும் இப்போதுதான் கவனித்தாள்.

சத்தம் போட்டு அழ வாயைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

இல்லை. இது தம்பி இல்லை.

தம்பி அவளுடைய பிறந்த வீட்டு ஆள். அவன் செத்தால் மாமியாருக்குத் துடக்கு இல்லை. பிரியந்தியை ஒதுங்கச் சொல்லிவிட்டு, தானே விளக்கைக் கொளுத்தியிருப்பார். அவரும் தொடவில்லை, இவளையும் தொட விடவில்லை. அப்படியென்றால் துடக்கு இருவருக்கும். கணவன் வழியில் வந்த துடக்கு.

தம்பி இல்லை என்றதும் அவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. அவள் அதற்காக வெட்கப்படவும் நேரம் எடுக்கவில்லை. கைப்பேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள்.

நித்தியானந்தன் கடைகளுக்கு ஷட்டர் பொருத்துகிறவன். பேர்மிங்காமில் ஒரு கடை வரிசை முழுக்க வேலை என்று செவ்வாய்க்கிழமை தன் வான் வண்டியில் ஏணியை ஏற்றிக்கொண்டு போனான். வெள்ளி காலையில் வந்துவிடுவான், கோசிகாவை அவன் பார்ப்பான், இவள் பரீட்சைக்குப் போகலாம். அதுதான் ஏற்பாடு.

மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

இங்கிலாந்தில் இருக்கும் போன் இரட்டை இரட்டையாக அடிக்கும். இது ஒற்றையாக, நீளமாக அடித்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் பாரிஸுக்குப் போயிருந்தபோது கேட்ட அதே மணி. காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் வைத்து உள்ளே எது பழுது என்று சொல்வதுதான் அவளுடைய வேலை.

பாரிஸில் இந்தக் குடும்பத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். நித்தியின் அண்ணன் வாசுதேவன். கலியாணம் செய்யாத மனிதர். போன வருடம்தான் இருதயத்தில் கத்தி வைத்தார்கள்.

கணக்குச் சரியாக வந்தது. பிரியந்தி முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள். பெற்ற மகன் செத்துக் கிடக்க, மருமகளின் பரீட்சைக்காக வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறார் இந்த மனுஷி. இதற்கு மேலும் நடிக்க விடக் கூடாது.

"மாமி, இதில இருங்கோ."

"படிக்கேல்லையே?"

"எனக்குத் தெரியும், மாமி."

யோகமலர் கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வந்தது துக்கம் அல்ல, பயம். கலியாணமாகி எட்டு வருடத்தில் பிரியந்தி அந்த முகத்தில் பயத்தைப் பார்த்ததில்லை.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் துடக்கு. இவர் பேர்மிங்காமில இல்லை, பாரிஸில நிக்கிறார். வாசு அத்தான் போயிட்டாரெல்லே?"

பயம் இறங்கியது. யோகமலர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். நிம்மதியான மூச்சு.

மகன் செத்தான் என்று சொன்னால் ஒரு தாய்க்கு நிம்மதி வருமா?

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாய்க் கணிச்சன்."

"சோதினை முடியட்டும் எண்டுதான் பிள்ளை... நித்திதான் சொல்லவேண்டாம் எண்டவன்."

"அழுங்கோ மாமி. எனக்காக அடக்காதேங்கோ."

யோகமலர் சேலைத் தலைப்பை முகத்தில் வைத்தார். அப்போது கூடத்தில் வீட்டுப் போன் அடித்தது. அவர் எழும்புவதற்குள் பிரியந்தி எடுத்துவிட்டாள். துக்கம் விசாரிக்கிறவர்களாக இருக்கும், தான் கதைப்பதே நல்லது என்று நினைத்தாள்.

"ஹலோ?"

"ஆர், பிள்ளையோ? நான் வாசு அத்தான் கதைக்கிறன்."

பிரியந்தி போனைக் காதோடு இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா நிக்கிறாவோ? எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்ல..."

"என்ன முடிஞ்சது, அத்தான்?"

மறுபக்கத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

"உமக்குச் சோதினை முடிஞ்சுதோ?"

"நாளைக்கு."

"அப்ப அம்மாட்டைக் குடும்."

அவள் கொடுக்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள். யோகமலர் தலைப்பை முகத்தில் இருந்து எடுத்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டும் இல்லை.

"வாசு அத்தான்தான் கதைச்சவர்," என்றாள் பிரியந்தி. "ஆர் செத்தது?"

"பிள்ளை, நாளைக்கு..."

"ஆர் செத்தது, மாமி?"

குளிர்ப்பெட்டி உறுமி நின்றது. யோகமலர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாலினி."

"ஆர் மாலினி?"

"நித்தியின்ர மூத்தது."

"அவற்றை மூத்தது கோசிகா."

"இல்லை, பிள்ளை."

அதற்குப் பிறகு யோகமலர் நிறுத்தவில்லை. அணை உடைந்த மாதிரியும் இல்லை. கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார். பாரிஸில் நித்தி இருந்தபோது பியற்றிஸ் என்று ஒருத்தி. யாழ்ப்பாணத்து இளவாலைப் பக்கம், வேதக்காரர், கிறிஸ்தவர்கள். மாதா கோயிலில் மோதிரம் மாற்றிப் பெண்ணும் பிறந்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னான். "வேதக்காரியோட இருந்தால் நான் செத்தாலும் வராதை" என்றார் தாய். இரண்டு வருடம் பிடிவாதமாக இருந்தார். அவன் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தான்.

"விட்டிட்டான், எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் உன்னைக் கேட்டு வந்தம்."

"கேட்டு வந்தவை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ வந்திருப்பியோ?"

"இல்லை."

"அதுதான்."

மூளைக்காய்ச்சல். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், செவ்வாய் விடியவே போய்விட்டாள். பதினொரு வயது. இன்றைக்கு அடக்கம்.

"நான் அவளைக் கண்ணாலையும் காணேல்லை," என்றார் யோகமலர். "படம் அனுப்பினவை. கிழிச்சுப்போட்டன். உயிரோட இருக்கேக்க அவள் எங்கட பிள்ளை இல்லை எண்டன். செத்தாப்பிறகு எனக்குத் துடக்கு. இதுக்கு என்ன நியாயம் எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனா விளக்கைக் கொளுத்த ஏலாமல் கிடக்கு."

பிரியந்தி அவரை அணைக்கவில்லை. அழவும் இல்லை. தன் கணவனின் பதினொரு வயது மகளுக்காக இரங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த இரக்கம் எங்கோ வழியில் நின்றது, வந்து சேரவில்லை.

"எட்டு வருஷம் மாமி. ஒருநாளாவது வாய் வரேல்லையோ?"

"என்னை ஏசு. அடிக்கவேணும் எண்டா அடி. ஆனா நாளைக்குப் போய் எழுதிப்போட்டு வந்து அடி. நீ போகாமல் விட்டால் அந்தப் பழியும் என்ர தலையில."

"உங்கட தலையைப் பற்றி நான் இப்ப யோசிக்கேல்லை."

"பின்னை?"

"ஆகஸ்டுக்குப் பிறகு நானும் பிள்ளையும் என்ன சாப்பிடுறது எண்டு யோசிக்கிறன்."

யோகமலர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பிள்ளையும். அந்தச் சொல்லில் அவர் மகன் இல்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

பள்ளி விட்டதும் பிரியந்தி கோசிகாவைக் கூட்டிவந்தாள். வழியில் பிள்ளை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். என்ன கேட்டாள், என்ன சொன்னோம் என்று வீட்டு வாசலுக்கு வந்தபோது நினைவில்லை. முட்டை பொரித்துக் கொடுத்தாள். மேசைக்கு வந்து உட்கார்ந்து, அந்தக் கணக்கை முடித்தாள். சரியாக வந்தது. மனம் இப்படிக் கிடக்கும்போது கணக்கு எப்படிச் சரியாக வருகிறது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மாலையில் நித்தி அழைத்தான். யோகமலர் போனைத் தொடாமல் அவளையே பார்த்தார். கூடத்தில் கோசிகா தொலைக்காட்சிக்கு முன் குப்புறப் படுத்திருந்தாள். பிரியந்தி போனைச் சமையலறைக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தினாள்.

"படிக்கிறியோ, பிரியா?"

"ஓம்."

"சாப்பிட்டியோ?"

"ஓம். அங்க வேலை எப்பிடி?"

"முடிஞ்சுது. கடைசி ஷட்டரும் பூட்டியாச்சு. மழை, சரியான கரைச்சல்." குரல் கரகரத்தது. நாள் முழுக்க அழுத குரல். தெரியாத காதுக்குத் தடிமன் என்று படும். "விடிய வந்திடுவன். நீ ஒண்டுக்கும் யோசியாதை. இந்த முறை எடுத்திடுவாய். அம்மாட்டைக் குடு."

எவ்வளவு நன்றாகச் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள். எட்டு வருடப் பழக்கம்.

அவள் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, போனை மேசையின் நடுவில் வைத்தாள்.

"அம்மா? பிரியா பக்கத்தில நிக்கிறாளோ?"

யோகமலர் மருமகளைப் பார்த்தார். பிரியந்தி அசையவில்லை. கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"இல்லை," என்றார் யோகமலர். "மேல போயிட்டாள்."

மகனுக்கு எதிராக அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

நித்தி உடைந்தான். "மண் போட்டாச்சம்மா." பிறகு ஒரே மூச்சில் சொன்னான். "பியற்றிஸை ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டினம். மயங்கி மயங்கி விழுறாள். சின்னவளைப் பார்க்க ஒருத்தரும் இல்லை. அண்ணையால ஏலாது, அவரே வருத்தக்காரன். நான் கூட்டிக்கொண்டு வாறன்."

யோகமலரின் வாய் திறந்தது. "எந்தச் சின்னவள்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நித்தி, எந்தச் சின்னவளடா?"

"அம்மா, வந்து சொல்லுறன். பிரியாவுக்கு வாசு அண்ணைக்குத் தெரிஞ்ச ஆக்களின்ர பிள்ளை எண்டு சொல்லுங்கோ. சோதினை முடிஞ்சாப்பிறகு ஏதாவது..."

யோகமலர் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்தார். மூத்தவளை மட்டும்தான் அவர் இவ்வளவு காலமும் மறைத்திருந்தார். அவரிடமிருந்தும் ஒன்று மறைக்கப்பட்டிருந்தது. பிரியந்தி அந்தக் கைகளைப் பார்த்தாள். மேசையைப் பிடிக்காவிட்டால் மனுஷி விழுந்துவிடுவார்.

அவள் போனை நோக்கிக் குனிந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?"

நித்தி நின்ற இடத்தில் வாகனங்கள் போகும் சத்தம் வந்தது. அதற்குள் ஒரு சின்னக் குரல், பக்கத்தில், மூக்கால் பேசும் பிரெஞ்சுத் தமிழில்:

"அப்பா, எனக்குப் பசிக்குது."

"பிரியா," என்றான் நித்தி.

"வயசைக் கேட்டன்."

"...நாலு."

கூடத்தில் ஆறு வயதுக் கோசிகா எதற்கோ சிரித்தாள். பிரியந்தி சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவளுக்கு இப்போது கத்த வேண்டும்போல் இல்லை. குரல் அவளுக்கே அந்நியமாக, தட்டையாக வந்தது.

"பிள்ளைக்கு முதல்ல சாப்பாடு வாங்கிக் குடுங்கோ. பேந்து வெளிக்கிடுங்கோ. நித்திரையோட வான் ஓடாதேங்கோ, பின்னால பிள்ளை இருக்கு. நான் எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்குவன். அதுக்குள்ள நீங்கள் வந்து கோசியைப் பாரம் எடுக்கவேணும். என்னோட கதைக்க வரவேண்டாம். பேனை, கல்குலேட்டர், ஐடி, மூண்டும்தான் நாளைக்கு என்னோட வருகுது. உங்களைக் கொண்டுபோக எனக்கு இடமில்லை."

"பிரியா, நான் சொல்லுறதைக் கேள்..."

"மத்தியானம் திரும்பி வருவன். இந்த வீட்டில ஆர் இருக்கிறது, ஆர் போறது எண்டு அப்ப நான் சொல்லுறன்."

பொத்தானை அழுத்தினாள். போன் உடனே மறுபடியும் அடித்தது. இருவரும் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மீண்டும் அடித்தது.

"என்ன செய்யப்போறாய், பிள்ளை?" யோகமலரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது.

"படிக்கப்போறன், மாமி," என்றாள் பிரியந்தி. போன் அடித்துக்கொண்டிருக்க, அவள் மாடி ஏறினாள்.